குற்றவாளி ஒளி அல்ல

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் மென்பொருள் அலுவலகங்கள் ஏராளம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரை, போதாததற்கு ஏ.சி. குளிர். கான்டாக்ட் லென்ஸ் அணிந்த கண்களுக்குத் திண்டாட்டம்தான். பழி விழுவதென்னவோ திரையின் நீல ஒளி மீது. ஆனால் 17 ஆய்வுகளை அலசி 2023இல் வெளியான காக்ரேன் அறிக்கை, நீல ஒளியை வடிகட்டும் மூக்குக் கண்ணாடிகள் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது.

உண்மையான வில்லன் இமைக்க மறப்பதுதான். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் வறண்டு லென்ஸ் உறுத்துகிறது.

டாக்டர்கள் சொல்லும் வழி எளிது: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 வினாடி பார்வையைத் திருப்புவது, நன்றாக இமைப்பது, லென்ஸுக்கேற்ற சொட்டு மருந்து. வலியோ சிவப்போ தெரிந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே டாக்டரிடம் போவதே புத்திசாலித்தனம்.