ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்

ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ் என்பது ஆங்கிலேய ராக் பாடகரும் கித்தார் கலைஞருமான ஜார்ஜ் ஹாரிசன் (1943–2001) 1970 நவம்பரில் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். இத்தலைப்புக்கு 'எல்லாம் கடந்து போகும்' என்பது பொருள். பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்தபின் அவர் தனியாக வெளியிட்ட முதல் தொகுப்பு இது. மூன்று இசைத்தட்டுகளைக் கொண்ட இது ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது.

பின்னணி

பீட்டில்ஸ் குழுவின் பெரும்பாலான பாடல்களை ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதினர். ஹாரிசனுக்குப் பொதுவாக ஒரு தொகுப்பில் ஓரிரு பாடல்களே இடம் கிடைத்தன. இதனால் அவர் எழுதிய பாடல்கள் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்தன. 'இஸின்ட் இட் எ பிட்டி' என்ற பாடலைக் குழு ஏற்கவில்லை. தொகுப்பின் தலைப்புப் பாடலை 1969 ஜனவரியில் குழு ஒத்திகை பார்த்தும் தன் இசைத்தட்டில் சேர்க்கவில்லை. அதே ஆண்டு வெளிவந்த ஏபி ரோடு தொகுப்பில் ஹாரிசனின் 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்' ஆகிய பாடல்கள் பெரும் புகழ் பெற்றன. அவருடைய திறமை பரவலாக அறியப்பட்ட அந்நேரத்தில்தான் குழு பிரிந்தது.

இதற்கு முன்பும் அவர் பெயரில் இரண்டு தொகுப்புகள் வந்திருந்தன. அவற்றுள் வொண்டர்வால் மியூசிக் (1968) ஒரு திரைப்படத்துக்கான இசை; அதன் ஒரு பகுதி பம்பாயில் பதிவு செய்யப்பட்டது. மற்றொன்றான எலக்ட்ரானிக் சவுண்ட் (1969) மின்னணு இசைச் சோதனை. ஆகவே, ஒரு பாடகராக அவருடைய முழுத் திறனையும் மக்கள் முதன்முதலில் கேட்டது ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ் தொகுப்பில்தான்.

ஒலிப்பதிவு

ஒலிப்பதிவு 1970 மே இறுதியில் இலண்டனில் தொடங்கியது. ஹாரிசனும் பில் ஸ்பெக்டரும் இணைந்து தயாரித்தனர். பல இசைக்கருவிகளை ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்து, எதிரொலியும் சேர்த்து, அடர்த்தியான ஓசையை உருவாக்குவது ஸ்பெக்டரின் முறை. 'ஒலிச் சுவர்' என்று இதனைக் குறிப்பிடுவர். எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், கிளாஸ் வூர்மன், பேட்ஃபிங்கர் குழுவினர் ஆகியோர் இசையில் பங்கேற்றனர். பணி நடந்துகொண்டிருந்த ஜூலை மாதத்தில் ஹாரிசனின் தாயார் காலமானார்.

உள்ளடக்கம்

முதல் இரண்டு தட்டுகளில் 18 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பாப் டிலானுடன் சேர்ந்து எழுதியது. மற்றொன்று டிலானே எழுதியது. 'ஆப்பிள் ஜாம்' எனப் பெயரிடப்பட்ட மூன்றாவது தட்டின் பெரும்பகுதி, கலைஞர்கள் முன்னேற்பாடின்றி வாசித்த இசையாகும்.

இந்தியச் சமய மரபில் ஹாரிசனுக்கு இருந்த ஈடுபாடு இப்பாடல்களில் வெளிப்படுகிறது. 'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் பின்னணிக் குரல்களில் அல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணா மந்திரமும் இணைந்து ஒலிக்கின்றன. நம் பள்ளிகளில் மாணவர்கள் சொல்லும் குரு வணக்கச் சுலோகத்தையும் அதில் கேட்கலாம்.

வரவேற்பு

அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் இத்தொகுப்பு ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'மை ஸ்வீட் லார்ட்' அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய இரு நாடுகளிலும் முதலிடம் பெற்றது. பீட்டில்ஸ் உறுப்பினர் ஒருவர் தனித்துப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் பாடல் இதுவே. இசை விமர்சகர்கள் பலர் இத்தொகுப்பை வியந்து பாராட்டினர். 'ஆப்பிள் ஜாம்' தட்டு மட்டும் தேவையற்றது என்று சிலர் குறை கூறினர்.

பிரிட்டனில் இத்தொகுப்பு நான்காம் இடத்தைத் தாண்டவில்லை என்றே நெடுங்காலம் பதிவாகியிருந்தது. 1971 தொடக்கத்தில் நடந்த அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் சில வாரங்களுக்கான விற்பனைக் கணக்கு பட்டியலில் சேராமல் போனதே இதற்குக் காரணம். 2006இல் அப்பதிவு திருத்தப்பட்டு, எட்டு வாரங்கள் முதலிடம் என ஏற்கப்பட்டது. அப்போது ஹாரிசன் உயிருடன் இல்லை.

பதிப்புரிமை வழக்கு

'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் மெட்டு, த சிஃபான்ஸ் குழு 1963இல் பாடிய 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாடலை ஒத்திருப்பதாக 1971இல் வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் தீர்ப்பு வந்தது. ஹாரிசன் வேண்டுமென்றே நகலெடுக்கவில்லை; ஆனால் முன்பு கேட்ட மெட்டு அவர் அறியாமலேயே மனத்திலிருந்து வெளிப்பட்டுள்ளது; அதுவும் உரிமை மீறலே என்று நீதிபதி கூறினார். 1981இல் ஹாரிசன் செலுத்தவேண்டிய தொகை 5,87,000 டாலர் என முடிவானது. நினைவுக்கும் படைப்புக்கும் இடையிலான எல்லை எது என்ற கேள்வி எழும்போது, சட்ட மாணவர்களும் இசைக் கலைஞர்களும் இன்றும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகின்றனர்.

பிற்காலம்

1971 ஆகஸ்டு 1 அன்று, சிதார் மேதை ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று, வங்கதேச அகதிகளுக்காக ஹாரிசன் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சியில் இத்தொகுப்பின் பாடல்கள் சிலவும் இடம்பெற்றன. 2001 ஜனவரியில் தொகுப்பு மறுவெளியீடு கண்டது. எதிரொலி மிகுதியாகிவிட்டது என்றும், அதைக் குறைக்கத் தமக்கு விருப்பம் உண்டென்றும் அவர் அப்போது எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று அவர் காலமானார். 2002 ஜனவரியில் 'மை ஸ்வீட் லார்ட்' பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பெற்றது. அவர் விரும்பியவாறு தெளிவான ஒலியமைப்புடன் கூடிய புதிய பதிப்பு 2021இல் வெளிவந்தது.