ஓய்ந்த மோட்டாருக்கும் ஒரு விலை உண்டு

கிணற்று மோட்டார் வாங்கும்போது விலை, குதிரைத்திறன், உத்தரவாதம் ஆகிய அனைத்தையும் விசாரிக்கிறோம். அது ஓடி ஓய்ந்த பிறகு என்ன பெறும் என்று கணக்கிடுவோர் குறைவு. கோடையில் பயிர் வாடும் நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டால், காயலான் கடைக்காரர் கேட்ட விலைக்குப் பழையதைத் தள்ளிவிட்டு, புதியதற்கு வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு சிறு கணக்கு உதவும்.

தேய்மானக் கணக்கு

ஒரு சாதனம் பயன் முடிந்தபின் விற்றால் கிடைக்கும் தொகையே அதன் கழிவு மதிப்பு. பண்ணைக் கருவிகளுக்கு இதை வாங்கிய விலையில் 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது பொது வழக்கம். உதாரணமாக, மோட்டாரின் விலை ரூ.30,000, ஆயுள் 10 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். கழிவு மதிப்பு ரூ.3,000. மீதி ரூ.27,000-ஐ 10 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ரூ.2,700 தேய்மானம். இத்தொகையை அறுவடை தோறும் தனியே எடுத்து வைத்துவர வேண்டும். புதிய மோட்டாரின் விலை ஏறக்கூடும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே சேர்ப்பது நல்லது.

விற்கும்போது

பத்து சதவீதம் என்பது உத்தேசமே. விற்கும் காலத்தில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டாரில் வார்ப்பிரும்பும் காயிலில் செம்புக் கம்பியும் உள்ளன. செம்பின் விலை இரும்பைப் போலப் பல மடங்கு. முழு மோட்டாரையும் இரும்பு விலைக்குப் போட்டால் நஷ்டம் நமக்கே. இரும்பு 50 கிலோ, கிலோ ரூ.25 வீதம் ரூ.1,250; செம்பு 4 கிலோ, கிலோ ரூ.500 வீதம் ரூ.2,000 என்று கொண்டால் மொத்தம் ரூ.3,250. கழற்றும் கூலி, வண்டி வாடகை ரூ.500 போக, கையில் நிற்பது ரூ.2,750. அன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து இவ்வாறே கணக்கிடலாம்.

இடையில் காயில் கட்டியபோது அலுமினியக் கம்பி போட்டிருந்தால் மதிப்பு வெகுவாகக் குறையும். எனவே காயில் கட்டும்போதே கம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டர், ஜி.ஐ. குழாய் ஆகியவற்றைத் தனித்தனியே விலை பேசவும். ஓடும் நிலையில் உள்ள மோட்டாரை எடைக்குப் போடாமல், முதலில் மெக்கானிக்கிடம் விலை கேட்கவும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பழைய மோட்டாருக்குக் காயில் கட்ட ரூ.6,000 ஆகிறது என்று கொள்வோம். அதன்பின் 2 ஆண்டுகள் மட்டும் ஓடினால் ஆண்டுக்கு ரூ.3,000 செலவு; புதியதின் தேய்மானமோ ரூ.2,700தான். 3 ஆண்டுகள் ஓடுமானால் ஆண்டுக்கு ரூ.2,000, காயில் கட்டுவதே லாபம். புதியதைக் கடனில் வாங்குவதானால் வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழையதின் கழிவு மதிப்பு இன்று விற்றாலும் பிறகு விற்றாலும் ஏறக்குறைய அதுவே. முன்பு கொடுத்த விலையை நினைத்து இம்முடிவை எடுக்கக் கூடாது.

வாங்கிய தேதி, விலை, பழுதுச் செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பவர் டில்லர், தெளிப்பான் போன்ற கருவிகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பயனடையலாம்.