முப்பது நிமிடம் தாண்டாத சாம்பியன்கள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஓர் அணிக்குக் களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர். பெருக்கிப் பார்த்தால் 240 நிமிடங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் பயிற்சியாளர் செலவழிக்கக் கிடைக்கும் மொத்தக் கையிருப்பு இவ்வளவுதான். அதை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பது அவர் பொறுப்பு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் தங்கள் முதன்மை வீரருக்கு 36, 38 நிமிடங்களை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்றாக ஆடுகிறவன் களத்தில் இருக்கட்டும் என்பது பார்த்தவுடனே நியாயமாகத் தோன்றும் கணக்கு. 2013-14 பருவத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக ஆட்டத்துக்கு 30 நிமிடம் ஆடவில்லை. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி ஒரு பருவத்தை முடித்ததில்லை. ஆனாலும் 82 ஆட்டங்களில் 62 வென்று லீக்கிலேயே முதலிடம் பிடித்தது. ஜூன் மாதம் கோப்பையையும் வென்றது. அந்த வெற்றியை அழகான ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு என்று பலர் புகழ்ந்தார்கள். அழகு இருந்தது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இருந்தது ஒரு சிக்கனக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு.

இந்தக் கணக்கின் அருமை புரிய, என்பிஏ பருவத்தின் நீளம் தெரிய வேண்டும். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை, ஐந்தரை மாதத்தில் 82 ஆட்டங்கள். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். அமெரிக்கா போன்ற பரந்த நாட்டில் வெளியூர் என்றால் பல மணி நேர விமானப் பயணம்; சில சமயம் அடுத்தடுத்த இரவுகளில் இரு வேறு நகரங்களில் ஆட்டம். அது முடிந்த பிறகுதான் ப்ளே-ஆஃப். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள், முதலில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்கு. அந்த ஆண்டு ஸ்பர்ஸ் ஆடிய ப்ளே-ஆஃப் ஆட்டங்கள் மட்டும் 23. ஆக, அக்டோபரில் பந்தைத் தொட்ட கால்கள் நூற்றைந்தாவது ஆட்டத்திலும் தாவ வேண்டும். ஒருவர் ஆட்டத்துக்கு 38 நிமிடத்துக்குப் பதில் 29 நிமிடம் ஆடினால் மிச்சமாவது ஒன்பது நிமிடம்தான். ஓர் இரவில் அது பெரிதாகத் தெரியாது. 82 ஆட்டங்களுக்குக் கூட்டினால் 738 நிமிடம், அதாவது பதினைந்து முழு ஆட்டங்களுக்கு மேல். கோடைக்காலக் கோப்பைக்குக் குளிர்காலத்தில் போட்ட சேமிப்பு அது.

சேமிப்பின் தேவை ஸ்பர்ஸுக்கு மற்ற அணிகளைவிட அதிகமாக இருந்தது. அணியின் மூத்த நட்சத்திரம் டிம் டங்கன் அந்தப் பருவத்தின் முடிவில் 38 வயதை எட்டினார். அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலிக்கு வயது 36. பிரான்சின் டோனி பார்க்கர் முப்பதைத் தாண்டியிருந்தார். இதற்கு மேல், ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. முந்தைய ஆண்டு, 2013 இறுதிச் சுற்றில் மயாமி ஹீட் அணிக்கு எதிராக 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்தில் 28 விநாடிகள் மீதமிருக்க ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை வழங்கும் விழாவுக்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டவும் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் தவறிய ஒரு பந்தை மயாமியின் கிறிஸ் பாஷ் எடுத்துக் கொடுக்க, ரே ஆலன் 5.2 விநாடி இருக்கும்போது மூன்று புள்ளி வீச்சை வளையத்துக்குள் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. பாஷ் அந்தப் பந்தை எடுத்தபோது, தவறித் திரும்பும் பந்துகளைப் பிடிப்பதில் ஸ்பர்ஸின் மிகச் சிறந்தவரான டங்கன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் அவரை வெளியே அழைத்திருந்தார். ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவதுதான் கோப்பையைக் கெடுத்தது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வேறொரு பயிற்சியாளர் அடுத்த ஆண்டு தன் நட்சத்திரங்களைக் களத்திலிருந்து அசைக்கவே அஞ்சியிருப்பார். பாபோவிச் அந்த வழக்கத்தை இன்னும் விரிவாக்கினார்.

விரிவாக்க முடிந்ததற்குக் காரணம், பெஞ்சில் இருந்தவர்களின் தரம். கைக்கு அகப்பட்டவர்களைக் கொண்டு பெஞ்சை நிரப்பினால் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் ஓய்வு எதிரணிக்குக் கொடுக்கும் புள்ளியாகிவிடும். ஸ்பர்ஸ் வருடக்கணக்கில் மற்றவர்கள் கழித்துப் போட்டவர்களைப் பொறுக்கி எடுத்துவந்தது. இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஜினோபிலி 1999-இல் 57-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்; ஆஸ்திரேலியாவின் பேட்டி மில்ஸ் 2009-இல் 55-ஆவது. டேனி கிரீனை கிளீவ்லேண்ட் அணி விடுவித்திருந்தது. பிரான்சின் போரிஸ் டியாவை 2012-இல் சார்லட் அணி வேண்டாம் என்று கழற்றிவிட்டது. இவர்களோடு இத்தாலி, பிரேசில், கனடா எனப் பல நாட்டவர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மட்டும் ஆள் தேடிய அணிகளின் கண்ணுக்குத் தப்பியவர்கள் இங்கே மலிவாகக் கிடைத்தார்கள். லீக்கில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். டங்கன் 2012-இல் தன் சம்பளத்தை ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி டாலராகக் குறைத்துக்கொண்டார். நிமிடத்தைப் பங்கிடும் முன்னே பணம் பங்கிடப்பட்டிருந்தது.

பங்கீடு களத்திலும் அப்படியே தெரிந்தது. அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸுக்காக அதிகப் புள்ளி எடுத்த பார்க்கரின் சராசரி 16.7 மட்டுமே. அதே ஆண்டு லீக்கின் சிறந்த வீரர் விருதை வென்ற ஓக்லஹோமா சிட்டியின் கெவின் டுரான்ட் எடுத்தது 32. ஆனால் பார்க்கருக்குப் பின்னால் எட்டுப் பேர் தலா எட்டுப் புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதன் பலனை ஒரு தடுப்பாட்டக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். எதிரணியில் ஒரே ஒருவர் ஆபத்தானவர் என்றால் அவரை இருவராகச் சூழ்ந்துகொள்ளலாம். பந்து கிடைத்த எவரும் புள்ளி எடுப்பார் என்றால் யாரை விட்டுவிட்டு யாரைச் சூழ்வது? முதல் பாஸுக்கு ஒரு தடுப்பாட்டக்காரர் நகர்கிறார்; அவர் விட்ட இடத்தை அடைக்க இன்னொருவர்; மூன்றாவது பாஸில் யாரோ ஒருவர் தனித்து நிற்கிறார். ஆள் ஓடும் வேகத்தைவிடப் பந்து போகும் வேகம் அதிகம் என்ற எளிய உண்மையைத்தான் அந்த அணி பயன்படுத்தியது. சக வீரர் புள்ளி எடுக்க வழிவகுக்கும் பாஸ்களிலும், மூன்று புள்ளி வீச்சின் துல்லியத்திலும் ஸ்பர்ஸ் அந்த ஆண்டு லீக்கில் முதலிடம். பருவத்தின் பிற்பகுதியில் தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றது. அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத சாதனை அது.

ப்ளே-ஆஃபின் முதல் சுற்றில், மேற்குப் பிரிவின் எட்டாம் இடத்து டல்லஸ் அணியிடம் ஏழு ஆட்டம்வரை திணறியதையும் சொல்லியாக வேண்டும். எந்த முறையும் மந்திரம் அல்ல. சேமிப்பு உண்மையில் கைகொடுத்தது மூன்றாவது சுற்றான மேற்குப் பிரிவு இறுதியில். ஓக்லஹோமா சிட்டியில் நடந்த ஆறாவது ஆட்டத்தில், கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதி முழுவதும் ஆடவில்லை. முதன்மை ஆட்ட நெறியாளரை இழந்த அணி, எதிரியின் ஊரில், அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 112-107 என்று வென்றது. பெஞ்சிலிருந்து வந்த டியாவ் 26 புள்ளி எடுத்தார். கூடுதல் நேரத்தில் 38 வயது டங்கன் ஏழு. ஒருவர் குறைந்தால் இன்னொருவர் நிரப்புவது அன்று புதிதாகக் கண்டுபிடித்த உத்தி அல்ல. நவம்பரிலிருந்தே பழகிய காரியம். பிறகு இறுதிச் சுற்று, மறுபடியும் மயாமி. முதல் இரண்டு ஆட்டங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த மூன்றில் ஸ்பர்ஸ் 19, 21, 17 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியில் எறிந்த நான்கு பந்துகளில் மூன்றுக்கு மேல் வளையத்துக்குள் விழுந்தன. ஐந்து ஆட்டங்களிலும் சராசரி வித்தியாசம் 14 புள்ளி. இறுதிச் சுற்று வரலாற்றில் அதுவரை மிகப் பெரியது அதுவே. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது பெற்றவர் 22 வயது கவாய் லெனர்ட். பருவத்தில் அவரது சராசரி 12.8 புள்ளிதான்.

பங்கீடுதான் வென்றது என்ற வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. டங்கன், ஜினோபிலி, பார்க்கர் மூவருமே பின்னர் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள், லெனர்ட் அடுத்த தலைமுறையின் நட்சத்திரம், நட்சத்திரமே இல்லாமல் வென்ற அணி என்று இதை எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். சொல்லக் கூடாதுதான். நட்சத்திரம் தேவையில்லை என்பது இங்கே வாதமே அல்ல. நட்சத்திரத்தைத் தேவைப்படும் நாளுக்கு எப்படிப் பாதுகாப்பது என்பதே கேள்வி. முதல் ஐவரில் ஒருவராக இறங்கும் தகுதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் பெஞ்சிலிருந்து வர ஒப்புக்கொண்டார் ஜினோபிலி. அப்படிப்பட்ட பெரிய ஆட்டக்காரர்கள் இருந்ததால்தான் பங்கீடு சாத்தியமானது. சின்ன ஆட்டக்காரர் ஒருவர் நிமிடத்தை விட்டுக்கொடுத்திருந்தால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மயாமி அன்று களைத்த அணி, அதனால் கிடைத்த வெற்றி என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான்: நான்காவது ஆண்டாகத் தொடர்ந்து இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் அரங்கின் குளிர்சாதனம் பழுதாகி, வெக்கையில் மயாமியின் முதன்மை வீரர் லெப்ரான் ஜேம்ஸ் தசைப்பிடிப்பால் கடைசி நிமிடங்களில் வெளியேறினார். ஆனால் அதே வெக்கையில்தான் டங்கனும் ஆடினார். மயாமியும் ஓய்வு கொடுக்கத் தெரியாத அணி அல்ல. முழங்கால் பிரச்சினையுள்ள டுவைன் வேடுக்கு அந்தப் பருவத்தில் 28 ஆட்டங்களில் ஓய்வு தந்தது. ஆனால் வேடின் சுமை ஒன்பது பேரிடம் பிரியவில்லை. பெரும்பகுதி லெப்ரானின் தோளில் ஏறியது. அவர் 77 ஆட்டங்களில், சராசரியாக 38 நிமிடத்துக்கு நெருக்கமாக ஆடினார். இறுதிச் சுற்றிலும் ஆட்டத்துக்கு 28 புள்ளி எடுத்தார், அது போதவில்லை. ஒருவருக்கு ஓய்வு தருவது வேறு, வேலையைப் பங்கிடுவது வேறு. களைப்பு என்று சொல்வது இந்த வாதத்துக்கு மறுப்பு ஆகாது. அதுவே இந்த வாதம்.

மூன்றாவது மறுப்பு ரசிகருடையது, அதை எளிதில் தள்ள முடியாது. காசு கொடுத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டங்கனைப் பார்க்க வந்தவருக்கு வெறும் நாற்காலியைக் காட்டலாமா? 2012 நவம்பரில் மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் பாபோவிச் ஊருக்கு அனுப்பிவிட்டார். லீக் ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. பின்னாளில் இந்த வழக்கம் எல்லா அணிகளுக்கும் பரவி, லெனர்ட் 2019-இல் டொரான்டோ அணிக்காக 60 ஆட்டங்கள் மட்டும் ஆடி மீண்டும் கோப்பையை வென்ற பிறகு, 2023-இல் லீக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது: முக்கிய விருதுகளுக்குத் தகுதிபெறப் பொதுவாக 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். ரசிகர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு ஆட்டத்தைத் தவிர்ப்பதையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் சில நிமிடங்களைக் குறைப்பதையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. 2013-14-இல் டங்கன் 74 ஆட்டங்களில் இறங்கினார். டிக்கெட் வாங்கியவர் பெரும்பாலான நாள்களில் அவரைப் பார்த்தார்; 38 நிமிடத்துக்குப் பதில் 29 நிமிடம் பார்த்தார். பிறர் காப்பியடித்தது ஸ்பர்ஸ் முறையின் மலிவான பாதியைத்தான். பெஞ்சை வளர்க்கும் கடினமான பாதி பலருக்கு வாய்க்கவில்லை.

2014 கோப்பைக்கு அடுத்த ஆண்டே ஸ்பர்ஸ் முதல் சுற்றில் கிளிப்பர்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றார்களே என்பது கடைசி மறுப்பு. சரி. பாபோவிச் வென்ற ஐந்து கோப்பைகளில் எந்த இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவை அல்ல. ஆனால் முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன: 1999, 2003, 2005, 2007, 2014. ஐந்திலும் டங்கன் ஆடினார். அந்த அணியின் உடைமாற்றும் அறைச் சுவரில் கல்லுடைப்பவரின் உழைப்பைப் பற்றிய ஒரு வாசகம் மாட்டியிருந்தது. நம்மிடம் அதற்குச் சுருக்கமாக ஒரு பழமொழி உண்டு: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடிக்கிற கை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பழமொழி சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் முடிவைப் படிக்கும்போது, யார் எத்தனை புள்ளி என்ற வரிசைக்குப் பக்கத்தில், யார் எத்தனை நிமிடம் என்ற வரிசை ஒன்றும் அச்சாகியிருக்கும். அதையும் ஒரு முறை பாருங்கள்.