சிறையில் தியான வகுப்பு: சேரும் முன் வக்கீலிடம் பேசுங்கள்

கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 'கிரிப்' என்றொரு ஓராண்டுப் பயிற்சி உண்டு. சேர்ந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் சிறையில் கழித்த ஆண்டுகளைக் கூட்டுகிறார்கள். பல நூறு ஆண்டுகள் வரும். கோபம் தலைக்கேறியதற்கும் கை ஓங்கியதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கணக்கோ நிமிடங்களில்தான் வரும். கோபம் உடம்பில் எங்கே கிளம்புகிறது என்று மூச்சைக் கவனித்து அறிவதோடு, செய்ததை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, வன்முறையில் உறவை இழந்தவர்களின் வலியையும் நேரில் கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1975-லேயே ஜெய்ப்பூர் சிறையில் விபாசனா தியான வகுப்பு நடந்தது. 1994 ஏப்ரலில், கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்தபோது, தில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விபாசனா ஆசிரியர் கோயங்காவிடம் பயின்றார்கள். அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். பல நாட்கள் பேசக்கூடாது. இந்த முயற்சிகளை நான் மனதார ஆதரிக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. 'கிரிப்'பில் இருப்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். இந்தியச் சிறைகளிலோ ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவரிடம் "செய்ததை ஒப்புக்கொள்" என்று கேட்பது அநியாயம். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3)-வது பிரிவு. போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது. பிறரிடம் மனம்விட்டுச் சொன்னது அப்படியல்ல. பலவீனமான சாட்சியம்தான் என்றாலும், அரசுத் தரப்பு அதைக் கொண்டுவர இடமுண்டு. ஆகவே விசாரணைக் கைதிகள் மூச்சுப் பயிற்சியில் தாராளமாகச் சேரலாம். வழக்கைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்க வேண்டாம்; சேரும் முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

நீண்ட மௌனம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. பழைய அதிர்ச்சிகள் கிளம்பி, தூக்கம் கெட்டு, பயம் கூடலாம். அப்படியானால் பாதியில் விலகி மருத்துவரைக் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கைதிகளுக்கும் பொருந்தும். தியானம் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. குடும்பத்தார் 15100 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள். அடுத்த மனுப் பார்க்கும் (சிறைச் சந்திப்பு) நாளில் உள்ளே இருப்பவரிடமும் இதைச் சொல்லுங்கள்.