பட்டைக்கு இடம் மண்ணின் மேல்தான்

பூப்பாத்தியில் மரப்பட்டைத் துண்டுகளை மூடாக்காகப் பரப்பும் வழக்கம் பைன் மரங்கள் நிறைந்த குளிர் நாடுகளில் வளர்ந்தது. அங்கே மரம் அறுக்கும் ஆலைகளில் உரித்த பட்டை மலையாகக் குவியும். ஒரு காலத்தில் வேண்டாத கழிவென்று எரிக்கப்பட்ட அந்தப் பட்டைக்குப் பிறகு தோட்டக்காரர்கள் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று அது பையில் அடைபட்டு நம் ஊர் நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் விற்கிறது. வாங்கிப் போட்டவர்களில் சிலர், செடி மஞ்சளடித்துவிட்டது, கரையான் ஏறிவிட்டது என்று நொந்துகொள்கிறார்கள். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பட்டையால் வருவதில்லை, அதை எங்கே, எப்படி இட்டோம் என்பதால் வருகின்றன என்றே நான் கருதுகிறேன். மூடாக்கு மண்ணின் மேல் கிடக்கும்வரை செடிக்குத் துணை. மண்ணுக்குள் புகுந்துவிட்டால் செடியோடு சாப்பாட்டுக்குப் போட்டி போடும்.

பட்டை என்பது மரம் தன்னைக் காத்துக்கொள்ள வளர்த்த தோல். எளிதில் மக்காத லிக்னினும், தண்ணீரை ஒட்டவிடாத சூபரின் என்ற மெழுகுப்பொருளும் அதில் நிறைய உண்டு. அதனால்தான் வைக்கோல் சில மாதங்களில் கரைந்துபோகும் இடத்தில் பட்டைத் துண்டு நெடுநாள் தாங்குகிறது. நம் வெப்பத்தில் குளிர் நாடுகளைவிடச் சீக்கிரமே மக்கும் என்றாலும், இலையைவிட நீண்ட ஆயுள் அதற்கு உண்டு. மேல்பட்டை சீக்கிரம் உலர்ந்துவிடுவதால், காற்றில் வந்து விழும் களை விதை அதன்மேல் வேர்பிடிக்கத் திணறும். கீழே மண்ணில் கிடக்கும் சிறு விதைகளுக்கோ முளைக்க வெளிச்சம் கிடைக்காது. மூன்று அங்குலம் பட்டை போட்ட பாத்தியை ஒரு சித்திரை மதியத்தில் விரலால் விலக்கிப் பாருங்கள். மேல் துண்டுகள் வெளிறி, தொட்டால் சுடும். அடித்துண்டுகள் கறுத்துக் குளிர்ந்திருக்கும். அவற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடும். பக்கத்தில் மூடாத பாத்தியின் மண் அப்பளம்போல் பொருக்குத்தட்டிக் கிடக்கும்.

செடி மஞ்சளாகிறது என்ற புகாருக்கு வருவோம். பட்டையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய 24-க்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும். பற்றாக்குறைத் தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டை மேலே கிடந்தால் இந்தப் பிடுங்கல் பட்டையும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் நடக்கும். ரோஜாவின் வேர் அதற்குக் கீழே இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை வல்லுநர் லிண்டா சாக்கர்-ஸ்காட், மூடாக்கு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியிட்டார். வேரூன்றிய செடிகளுக்கு மேல்மூடாக்கால் தழைச்சத்துக் குறைவு வருவதில்லை என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்திவருகிறார். அந்த மெல்லிய அடுக்கின் வறுமை புதிதாக முளைக்கும் களையைத்தான் முதலில் பாதிக்கிறது. பட்டையையோ மரத்தூளையோ மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டால் கதை வேறு. வேர் நிற்கும் ஆழம் முழுக்கத் தழைச்சத்து முடங்கும், இலை வெளுக்கும்.

இதிலிருந்தே எந்தப் பாத்திக்குப் பட்டை பொருந்தும் என்பது தெளிவாகிறது. ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகை என ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் செடிகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். துலுக்கச்சாமந்தி, கோழிக்கொண்டை என்று பருவத்துக்கொரு பூ மாற்றும் பாத்தியை அடிக்கடி கொத்த வேண்டியிருப்பதால், பட்டை மண்ணுக்குள் போவதைத் தடுக்க முடியாது. தூவிய விதையும் அதைத் துளைத்து வராது. அங்கே சீக்கிரம் மக்கும் சருகே மேல். கோரையும் அறுகும் மண்டிய பாத்தியில் எதைப் போட்டாலும் பயனில்லை. கிழங்கும் கொடியும் மேலே வந்தே தீரும். முதலில் தோண்டி எடுத்தாக வேண்டும்.

கரையான் பயம் நம் ஊரில் வெறும் பயமில்லை. காய்ந்த தாவரப்பொருள் கிடந்தால் அது வரும். ஆனால் தண்டோடு ஒட்டிக் குவிப்பதும் வீட்டுச் சுவரோரம் போடுவதும்தான் அதற்கு நாமே வழிவிடும் வேலைகள். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை, சுவரிலிருந்து ஓர் அடி மண்ணை வெறுமையாக விடுங்கள். தண்டைச் சுற்றிக் கோபுரமாகக் குவித்தால் ஈரம் தங்கித் தோல் அழுகவும் செய்யும். இன்னொரு ஆட்சேபம், சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடுகிறது என்பது. அதுவும் சரிதான். ஆகவே வறண்ட மண்ணின் மேல் போடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் உள்வரை நனைந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் ஏற்ற காலம். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மூடாக்குக்கு அடியில் ஓடட்டும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் குறைந்தது 5 செ.மீ., முடிந்தால் 7.5 செ.மீ. கனம் என்கிறது. அதைத் தாண்டுவதில் லாபமில்லை. பை திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால், காற்றில்லாமல் நொதித்து அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே போட்டால் இலை கருகும். சில நாள் பரப்பி ஆறவிட்டு, தண்ணீர் விட்டு அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவும் பைன் பட்டைக்கு மட்டும் உரிய குணங்கள் இல்லை. கரடாக இருப்பது, மெல்ல மக்குவது, மேலேயே கிடப்பது ஆகிய மூன்றும் எதில் உண்டோ அது போதும். தேங்காய் உரிமட்டையைச் சிறு துண்டாக வெட்டிப்போட்டால் லிக்னின் நிறைந்த உள்ளூர் மூடாக்கு கிடைக்கும். நார் ஆலைகளில் மிஞ்சும் தூளை அப்படியே போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பேன். அதில் உப்பு தங்கியிருக்கக்கூடும், காய்ந்தால் காற்றில் பறக்கும், சாம்பலாய் நுணுகி மண்ணோடு கலந்துவிடும். மாவிலையும் புங்கம் சருகும் இன்னும் மலிவு. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) மூடாக்கைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய பிறகும், தெருவோரம் சருகைக் கூட்டித் தீ வைப்பது நிற்கவில்லை என்பது வேதனையானது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு நாடு முழுக்கத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்தச் சருகை இரண்டு மூட்டை அள்ளிவந்து, உரிமட்டைத் துண்டுக்கு அடியில் ஓர் அடுக்காகப் போடுங்கள். சருகு மக்கி மண்புழுவுக்கு உணவாகும்; மட்டை மேலே நின்று வெயிலைத் தாங்கும். அடுத்த மார்கழியில் அள்ளி எறியாமல், கனம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் சேர்த்தால் போதும்.