பழைய போர் ஜீப்பின் ஸ்ராட்டர் மோட்டர்: பழுதும் பரிகாரமும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வில்லிஸ், போட் என்னும் இரு கம்பனிகளும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தளித்தன. அவற்றுட் சில இன்றும் ஆர்வலராற் பேணப்பட்டு வருகின்றன. அவை புறப்பட மறுக்குங்கால் முதலிற் பழி சுமப்பது ஸ்ராட்டர் மோட்டரே. அதனைக் கழற்றியெறிந்து வேறொன்றைப் பூட்டுவோரும் உளர். அங்ஙனஞ் செய்தல் வேண்டுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கைப்பிடியாற் சுழற்றி எஞ்சினை இயக்கிய தொல்லையை நீக்க, சாள்ஸ் கெற்றறிங் என்பார் ஆக்கிய மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் இடம்பெற்றது. ஜீப்பில் உள்ளதும் அவ்வினத்ததே. சாரதி காலால் ஆளியை அழுத்தியதும் 6 வோல்ற்று பற்றரியின் மின் மோட்டரிற் பாயும். மோட்டரின் அச்சிற் புரியிட்ட தண்டொன்றும், அதன்மீது ஓடும் சிறு பற்சக்கரமும் உள. இவ்வமைப்பைப் பெண்டிக்ஸ் என்பர். அச்சு திடீரெனச் சுழலவே பற்சக்கரம் புரிவழியே நகர்ந்து பறப்புச் சில்லின் பற்களைக் கவ்வும். எஞ்சின் இயங்கி விரைவுற்றதும் பின்னே தள்ளப்படும்.

மோட்டர் மந்தமாகச் சுழலுமாயின் அதனைக் கழற்றுமுன் இணைப்புக்களைச் சோதித்தல் வேண்டும். பௌதிக வகுப்பிற் கற்ற ஓமின் விதி இங்கே கைகொடுக்கும். களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். 100 அம்பியர் மின் பாயும்போது அங்கே 1 வோல்ற்று இழக்கப்படும். 200 அம்பியராயின் 2 வோல்ற்று. ஆறில் இரண்டு போனால் எஞ்சுவது யாது? ஆகவே பற்றரி முனைகள், கால் ஆளியின் தொடுமுனைகள், எஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் செப்புப் பின்னற்பட்டி ஆகியவற்றைப் பளிச்செனத் துலக்கி இறுகப் பூட்டுதலே முதற் சிகிச்சை.

மோட்டர் விரைந்து சுழன்றும் எஞ்சின் அசையாதிருப்பின், குற்றம் பெண்டிக்சினது. புரியில் அழுக்கு உறைந்திருக்கலாம், வில் ஒடிந்திருக்கலாம். மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்துக. அங்கே தடித்த கிறீஸ் பூசலாகாது; அது தூசியை ஈர்த்துப் பற்சக்கரத்தை மீண்டும் சிறைப்படுத்தும்.

இவ்விரண்டாலும் குணமாகாதாயின், பற்றரியின் இணைப்பை நீக்கிய பின்னரே மோட்டரைக் கழற்றுக. செம்பு கலந்த காபன் தூரிகைகள் பாதியளவு தேய்ந்திருப்பின் புதியன இடுக. செப்புப் பட்டைகளாலான கொமியூற்றேற்றர் கறுத்திருப்பின் நுண்ணிய மணற்றாளாற் றேய்க்கலாம். எமரித்தாள் ஆகாது, அதன் துகள்கள் மின்னைக் கடத்துமாதலின் பட்டைகளுக்கிடையே தங்கிக் கேடு விளைக்கும். அச்சைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்திருப்பின், சுழலும் ஆமேச்சர் காந்த முனைகளில் உராயும். புதிய புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்து இடுக. ஆமேச்சரைக் குறோலர் என்னும் கருவிமீது வைத்து, மேலே மெல்லிய இரும்பு அலகொன்றைப் பிடித்து மெல்லத் திருப்பினால், குறுக்குச் சுற்றுடைய சுருளின்மேல் அலகு அதிரும். அப்போதே சுருளை மீளச் சுற்றுவிக்க வேண்டியதாகும்.

சிலர் இவ்வுழைப்புக்கு அஞ்சி, 6 வோல்ற்று மோட்டருக்கு 12 வோல்ற்று பற்றரியைக் கொடுப்பர். எஞ்சின் உடனே உயிர்பெறுவது உண்மை. ஆயினும் மிகைவேகத்தால் பெண்டிக்ஸ் பற்சக்கரம் பறப்புச் சில்லின் பற்களை அறைந்து சிதைக்கும். சிறுசெலவுத் தூரிகையாற் றீரவேண்டிய பிணி, எஞ்சினையே பிரிக்கும் பெருஞ்செலவாய் முடியும்.

பழுது எங்கே என்று அறியுமுன் பாகத்தை மாற்றுதல், நோய் அறியாது மருந்தூட்டுவதை ஒக்கும். பொறியியலிற் புகவிருக்கும் எம் இளம் மாணவர் இம்முறையைக் கைக்கொள்வாராயின், பழைய வண்டிகள் மட்டுமன்றிப் புதிய பொறிகளும் அவர்தம் கையில் நெடுங்காலம் வாழும்.