வழி தவறிய தொலைநோக்கி

வியாழனைக் காட்டுகிறேன் என்று சொல்லி, பிப்ரவரி 1ஆம் தேதி இரவு 9 மணிக்குத் தாத்தாவை எங்கள் பேட்டையின் பலமாடி வாகன நிறுத்துமிட மேல்தளத்துக்கு அழைத்துச் சென்றேன். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அவருக்கு அப்போதுதான் பார்வை தெளிந்திருந்தது. கம்பத்தில் வளர்ந்த நாள்களில் வாசலில் படுத்து விண்மீன்களை எண்ணியவர் அவர்.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் நான் வாங்கிய பழைய தொலைநோக்கி அது. அதன் தாங்கியில் மோட்டார் உண்டு. வடக்கு நோக்கிச் சமமாக நிறுத்தி, இடம், தேதி, நேரம் மூன்றையும் பதிவிட்டால் விண்மீனைத் தானே தேடிப் போகும். ஆனால் என் தொலைநோக்கியோ, சிரியஸ் விண்மீனுக்குப் பதில் எதிர் புளோக்கின் மேல்மாடியைக் காட்டியது!

மூன்று முறை முயன்றேன். பாதி வழியில் மோட்டாரும் நின்றது. ஒரு மணி நேரம் நாற்காலியில் காத்திருந்த தாத்தா, “பரவாயில்லம்மா, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றார். அந்த வார்த்தை என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் கையேட்டைப் புரட்டியபோது தவறு புலப்பட்டது. நான் 01/02 என்று பதிவிட்டிருந்தேன். கருவியோ மாதத்தை முதலில் படிக்கும். அதன் கணக்கில் அன்று ஜனவரி 2.

விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. 30 நாளில் அது 2 மணி நேரமாகிவிடும். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், என் தொலைநோக்கி 30 பாகை தள்ளிப்போயிருந்தது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் சுமார் 10 பாகை. அப்படி மூன்று முட்டி அளவு!

மோட்டார் நின்றதற்குக் காரணம் மின்கலன்கள். எட்டு மின்கலன்கள் சேர்ந்து 12 வோல்ட் தரவேண்டும். அவை தளர்ந்திருந்தால், மோட்டார் வேகமாகத் திரும்பும்போது மின்னழுத்தம் இறங்கி, கருவி அணைந்துவிடும். 12 வோல்ட் மின்சேமிப்புப் பெட்டி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

புதிதாகத் தொடங்கும் இளையர்களுக்கு என் அனுபவம் இதுதான்: தேதியின் வரிசையைப் பாருங்கள். நேர வலயம் +8 என்று இருக்கட்டும். கோடைக்கால நேர மாற்றத்தை அணைத்துவிடுங்கள். நமக்கு அது கிடையாது. முக்காலி சமமாக நிற்கிறதா, கம்பி எங்கும் சிக்கவில்லையா என்றும் கவனியுங்கள். சிறிய துணைத் தொலைநோக்கியைப் பகலிலேயே தொலைவிலுள்ள கட்டடத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

அடுத்த வாரம் மீண்டும் மேல்தளம். மோட்டார் முனகியபடி திரும்பி நின்றது. தாத்தா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை.

“பக்கத்தில் நாலு புள்ளி தெரியுதே, அது என்னம்மா?”

“அதன் நிலவுகள், தாத்தா. 1610இல் கலிலியோ பார்த்தவை.”

இப்போது மேகம் விலகும் இரவெல்லாம், “மேலே போகலாமா?” என்று முதலில் கேட்பவர் அவர்தான்.